முதன்முறை வெளிநாடு, அதுவும் தனியாக: திருச்சியிலிருந்து சிங்கப்பூர்

#1 அரசலாறு

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக இந்த இணைய மன்றத்தில் பழைய இழைகளைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். இன்றைக்குத்தான் எழுதத் துணிவு வந்தது.

எனக்கு வயது 61. ஊர் கும்பகோணம் பக்கம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மகளுக்குச் சிங்கப்பூரில் அடுத்த மாதம் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் எங்கள் வழக்கம். அவள் விமானம் ஏற முடியாத மாதமாகிவிட்டதால் தாய்வீடுதான் அவளிடம் போக வேண்டியிருக்கிறது. விசா வந்துவிட்டது. திருச்சியிலிருந்து நேர் விமானம். மாமியார் படுத்த படுக்கையாக இருப்பதால் என் கணவர் வர முடியாது. நான் ஒருத்தியாகத்தான் போக வேண்டும். இன்னும் 26 நாள் இருக்கிறது.

ரயிலில் காசி வரை போய் வந்திருக்கிறேன். ஆனால் விமான நிலையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

விமானம் விழுந்துவிடுமோ என்ற பயம் எனக்குக் கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதை நினைத்துத்தான் ஆறுதல் சொல்கிறார்கள். என் பயம் வேறு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறார். எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்கிறார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். இந்த ஒரே காட்சி இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பி உட்கார வைத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ரேஷன் கடைக் கருவியில் என் விரல் ரேகை பதிவதே இல்லை. கடைக்காரர் ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார், கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார். பாத்திரம் தேய்த்தும் புளி கரைத்தும் தேய்ந்துபோன கை. சிங்கப்பூரிலும் விரல் வைக்க வேண்டும் என்கிறார்கள். பதியாவிட்டால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

நகரும் படிக்கட்டில் கால் வைத்ததும் இல்லை.

மகளிடம் எதையும் சொல்லவில்லை. நிறைமாதக்காரியிடம் எப்படிச் சொல்வது? நேற்று, "வேறு யாரையாவது உதவிக்கு வைத்துக்கொள்" என்று சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

#2 பொன்மலை அடிவாரம்

அம்மா, நான் பதினான்கு வருடமாக இதே தடத்தில் போய் வருகிறவன். சிங்கப்பூரில் கட்டுமான வேலை. முதல்முறை போனபோது எனக்கு 23 வயது. நீங்கள் சொன்ன அதே கண்ணாடித் தடுப்புதான் என் கனவிலும் வந்தது. உள்ளே என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர் நிற்பார். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்ப்பார், பேச்சு எதுவும் இருக்காது. உள்ளே போனதும் உங்கள் விமான நிறுவனத்தின் கவுண்டர். பெட்டியை எடை போட்டு வாங்கிக்கொண்டு போர்டிங் பாஸ் கொடுப்பார்கள். பெட்டிக்குக் கட்டும் சீட்டின் துண்டு ஒன்றையும் தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். சிங்கப்பூரில் பெட்டி வந்து சேராவிட்டால் அதுதான் ஆதாரம்.

அடுத்தது இமிக்ரேஷன். இங்கேதான் உங்கள் கண்ணாடித் தடுப்பு. இந்தியர்கள் புறப்படும்போது முன்பெல்லாம் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. 2017 ஜூலை 1 முதல் அது கிடையாது. எனவே அந்தக் கவலை வேண்டாம். எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார்கள். திருச்சியில் என்னிடம் இதுவரை தமிழில்தான் கேட்டிருக்கிறார்கள். இல்லையென்றாலும் "தமிழ்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அதற்கடுத்துப் பாதுகாப்புச் சோதனை. கைப்பையையும் போனையும் தட்டில் வைத்து அனுப்ப வேண்டும். பெண்களைத் திரை மறைவில் பெண் காவலர்தான் சோதிப்பார். அது முடிந்தால் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் வேலை.

விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் ரேகை விஷயம். சிங்கப்பூரில் இப்போது பெரும்பாலும் தானியங்கி வாயில்தான். அது முகத்தையும் கண்ணின் கருவிழியையும்தான் பிடிக்கிறது. சிமெண்டில் கிடந்த கை எனக்கும், அதனால் இதை உங்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியும். வாயில் திறக்காவிட்டால் பக்கத்திலேயே அதிகாரி இருப்பார், கவுண்டருக்கு அழைத்துப்போவார். ரேகை தேய்ந்தது என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். தங்கும் அனுமதி மின்னஞ்சலில் வரும். எத்தனை நாள் தங்கலாம் என்பது அதில்தான் இருக்கும். விசாவில் உள்ள கடைசித் தேதியும் இதுவும் ஒன்றல்ல. நிறையப் பேர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். மகளையோ மருமகனையோ அன்றைக்கே அதைப் பார்த்துத் தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

புறப்படும் முன்பு மகளை வருகை அட்டை நிரப்பச் சொல்லுங்கள். சேரும் நாளையும் கணக்கில் வைத்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அல்ல.

#3 தெப்பக்குளத் தெரு

அக்கா, நான் சொல்வதைக் கேளுங்கள். சக்கர நாற்காலிக்குச் சொல்லிவையுங்கள். டிக்கெட்டிலேயே குறித்துவிடலாம், பணமும் கிடையாது. வாசலிலிருந்து விமானத்தின் கதவு வரை தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே இறங்கியதும் இன்னொருவர் வந்து உங்கள் மகள் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். கேள்வி வந்தால் அவரே பார்த்துக்கொள்வார். நகரும் படிக்கட்டும் இல்லை, வரிசையும் இல்லை. என் அம்மாவை நான்கு முறை அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

#4 ஊன்றுகோல்

மேலே எழுதிய சகோதரி மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பியது. நாற்காலி இல்லாமல் என்னால் விமான நிலையத்தைக் கடக்க முடியாது. போன வருடம் ஒரு பயணத்தில் இறங்கியபோது எங்கள் விமானத்தில் மட்டும் முப்பது பேருக்கு மேல் நாற்காலி கேட்டிருந்தார்கள். தள்ள வந்தவர்கள் ஆறு பேர். விளக்கை அணைத்துவிட்டுத் துப்புரவுப் பணியாளர்கள் பெருக்க வந்துவிட்டார்கள், நான் இருக்கையிலேயே காத்திருந்தேன். ஐம்பது நிமிடம். எனக்கு முன்னால் நாற்காலியில் போனவர்களில் பலர் பெட்டி எடுக்கும் இடத்தில் எழுந்து நின்று, கனமான பெட்டியைத் தாங்களே தூக்கி வைப்பதைப் பிறகு பார்த்தேன்.

பயம் உண்மையானது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நாற்காலி மருந்தல்ல. அந்த நாற்காலி வேறொருவரின் கால்.

#5 தெப்பக்குளத் தெரு

ஐயா, உங்களுக்கு நேர்ந்தது மனதைச் சுடுகிறது. ஆனால் என் அம்மாவின் கதையையும் கேளுங்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் தடவை நாற்காலி இல்லாமல்தான் அனுப்பினோம். நடுவில் வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாற வேண்டும். அம்மா தவறான பக்கம் திரும்பி, மூன்று மணி நேரம் ஒரு தூணோரமாக உட்கார்ந்திருந்திருக்கிறார். யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது? அடுத்த விமானம் போய்விட்டது. மகன் வீட்டுக்கு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் ஒருபோதும் துணிய மாட்டேன். நடக்க முடியாதவருக்கு உதவி இருக்கும் இடத்தில், படிக்க முடியாதவருக்கு உதவி இல்லையென்றால் நாங்கள் என்னதான் செய்வது?

#6 மீனம்பாக்கம் நாட்கள்

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் விமான நிறுவனக் கவுண்டரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு விலகியவன்.

நாற்காலி என்பது நடக்கச் சிரமப்படுபவருக்கான சேவை. மொழி தெரியாதவர்கள், முதல்முறை பயணிகள், தனியாகப் போகும் முதியவர்கள் ஆகியோருக்குக் கூடவே நடந்து வந்து வழிகாட்டும் உதவி தனியாக உண்டு. ஒவ்வொரு நிறுவனத்திலும் அதற்கு ஒவ்வொரு பெயர். சிலர் கட்டணம் வாங்குவார்கள், சிலரிடம் அந்தச் சேவையே இல்லை. டிக்கெட் போட்ட பிறகும் போனில் கேட்கலாம். எங்கள் மக்களுக்கு நாற்காலி ஒன்றுதான் தெரியும், எல்லோரும் அதையே கேட்கிறார்கள். இந்தக் குறையில் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அரசலாறு அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுடையது நேர் விமானம். இது பெரிய வித்தியாசம். வழியில் மாறும் விமானத்தில்தான் இறங்கிய கூட்டம் இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் வெளியே போவார்கள், பாதிப் பேர் அடுத்த விமானத்துக்குத் திரும்புவார்கள். தெப்பக்குளத் தெருவின் தாயார் தவறியது அந்த இடத்தில்தான். அவரைப் போன்றவருக்கு நாற்காலி கேட்டதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். உங்கள் விமானத்தில் வரும் ஆட்களில் பெரும்பாலோருக்கு சிங்கப்பூர்தான் முடிவிடம். கூட்டத்தோடு நடந்தால் வந்து சேர்ந்துவிடலாம்.

கவுண்டரில் போர்டிங் பாஸ் வாங்கும்போது ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "நான் முதல்முறை போகிறேன், தனியாகப் போகிறேன்." தமிழிலேயே சொல்லுங்கள். நான் இருந்த காலத்தில் இதைச் சொன்னவர்களை அதே விமானத்தில் போகும் ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிடுவேன். சொல்லாதவர்களின் முகத்தைப் பார்த்து எங்களால் கண்டுபிடிக்க முடியாது. எல்லா முகமும் அங்கே ஒரே மாதிரி இறுகித்தான் இருக்கும்.

#7 அரசலாறு

நான் ஊன்றுகோல் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் நடந்தே போகிறேன். கால் நன்றாக இருக்கிறது. மருமகன் நாற்காலிக்குக் குறித்திருந்தார், இன்று காலை அதை நீக்கச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். நடக்க முடிகிறவள் நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

சாமான் பற்றிக் கேட்க வேண்டும். பிரசவ லேகியம் கிண்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், கருப்பட்டி, நெய் எல்லாம் சேரும். கூடவே பூண்டு, வசம்பு, குழம்புக்கு அரைக்கக் கசகசா, ஒரு மூடி கொப்பரை, எலுமிச்சை ஊறுகாய். எதை எதில் வைப்பது?

#8 மருந்துக்கடைக்காரி

கசகசாவை எடுத்துவிடுங்கள்! ஒரு கரண்டிகூட வேண்டாம். அபின் செடியின் விதை அது. சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள், ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படித்தான். நம் அடுக்களையில் இருப்பது அங்கே போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. கடையில் வாங்கிய மசாலாப் பொடி இருந்தால் அதன் அட்டையையும் படியுங்கள், அதிலும் கசகசா கலந்திருக்கலாம்.

கொப்பரையும் வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கக்கூடியது என்று விமானத்தில் அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாத பொருள்களில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். லேகியம், நெய், ஊறுகாய் மூன்றும் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவமோ குழம்பு போன்ற பதார்த்தமோ போகாது. போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்க் இருந்தால் அது நேர்மாறு: கைப்பையில் மட்டும்தான்.

இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். பெயர் தெரியும் அட்டையோடு, மருத்துவரின் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் சிங்கப்பூருக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். பயத்தில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் கொடுத்த மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

வசம்பையும் லேகியத்தையும் பற்றி: பிறந்த குழந்தையின் வாயில் எதையும் தேய்க்கும் முன்பு அங்குள்ள மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அது வேறு இழைக்கான பேச்சு. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

#9 பலாலி வீதி

வணக்கம் அம்மா. நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுடைய கண்ணாடித் தடுப்பு என்ற சொல்லில் என் மனம் நின்றுவிட்டது.

எனது முதல் வெளிநாடு இந்தியாதான். சிதம்பரம் போக வேண்டுமென்று அப்பாவுக்கு நெடுநாள் ஆசை. முன்பென்றால் விமானம் ஏற நாங்கள் இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து கொழும்பு போய், அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வேண்டும். 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. சில மாதத்திலேயே கொரோனா வந்து சேவை நின்றது, 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு நானும் அப்பாவும் போனோம். இரண்டு சிறகிலும் விசிறி சுழலும் சிறிய விமானம். சென்னைக்கு ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான்.

எனக்கு விமானம் பயமில்லை. சீருடை போட்ட ஒருவர் என் அடையாள அட்டையை வாங்கி, அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார் அல்லவா, அதுதான் பயம். நாங்கள் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். யுத்தம் 2009 இல் முடிந்துவிட்டது. ஆனாலும் கடவுச்சீட்டை நீட்டியபோது என் கை நடுங்கிய நடுக்கத்தில் அது மேசையில் விழுந்தது. அந்த அதிகாரி அதை எடுத்து, விரித்து, "முதல் பயணமா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

பயத்தை மறைக்க வேண்டாம் அம்மா. மறைக்கப் பார்த்ததால்தான் என் கை கூடுதலாக நடுங்கியது என்று நினைக்கிறேன். நடுங்கினால் நடுங்கட்டும், கடவுச்சீட்டை நீட்டுங்கள்.

#10 கொள்ளிடம் தாண்டி

மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. எனக்கு 22 வயது. பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை, வெல்டிங் தெரியும். வளைகுடாவில் வேலை என்று ஏஜென்ட் ஒருவர் 90,000 ரூபாய் கேட்கிறார். முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். ஊரில் எல்லோரும் முதல்முறை பயம் என்றால் அப்படித்தான் இருக்கும், துணிந்து போ என்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிறது.

#11 பொன்மலை அடிவாரம்

தம்பி, உறுத்தலைக் கேள். இது முதல் பயணப் பயம் அல்ல, உன் புத்தி உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவருக்குப் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியைத் தட்டிக்கழிக்கத்தான் சுற்றுலா விசா. அப்படிப் போனால் சம்பளம் தராவிட்டாலும் அடிபட்டாலும் வேலைக்கு வந்ததற்கே உன்னிடம் ஆதாரம் இருக்காது. முறையாகப் போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு, விபத்தில் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் வரை.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார். பதிவு பெற்றவரே ஆனாலும் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். 90,000 என்பது எந்தக் கணக்கிலும் வராது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, போய்க் கேள். பணம் கொடுத்துவிட்டாயா? இல்லையென்றால் கொடுக்காதே. தனி இழை தொடங்கு, நான் வந்து எழுதுகிறேன்.

#12 கொள்ளிடம் தாண்டி

இன்னும் கொடுக்கவில்லை அண்ணா. தொடங்குகிறேன்.

#13 அரசலாறு

இன்னும் ஒன்பது நாள்.

நேற்று நான் செய்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அவளை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன். ஒரு பெரிய ஜவுளிக் கடையில் நகரும் படிக்கட்டு இருக்கிறது. காலை பத்தரைக்கே போய்விட்டோம், கூட்டம் இல்லை.

முதலில் கால் மணி நேரம் ஓரமாக நின்று மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்தேன். படி தரையிலிருந்து தட்டையாகத்தான் கிளம்புகிறது, இரண்டு அடி தூரம் போன பிறகுதான் படியாக எழுகிறது. தூரத்திலிருந்து பார்த்தபோது இது தெரியவில்லை. படிகளுக்கு நடுவே மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. கோட்டில் மிதிக்காமல் இரண்டு கோட்டுக்கு நடுவில் காலை வைக்க வேண்டும். அவள் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, சேலைக் கொசுவத்தை மறு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் புரிந்தது, கைப்பிடியைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை வேண்டும்.

இரண்டாம் தடவை அவள் கையை விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்தேன். ஏறுவது எளிது. இறங்கும்போதுதான் கண் சுழல்கிறது. மூன்றாம் தடவை தனியாக. கடைக் காவலாளி பெரியவர் ஒருவர், கீழே பார்க்காதீர்கள், எதிரே சுவரைப் பாருங்கள் என்றார். அது உதவியது. ஐந்து தடவை ஏறி இறங்கினேன். ஒன்றும் வாங்காமல் வர மனமில்லாமல் குழந்தைக்கு இரண்டு மஸ்லின் துணி வாங்கிக்கொண்டேன்.

பயணத்துக்குச் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொள்ளப்போகிறேன்.

இரவு உட்கார்ந்து ஒரு அட்டையில் மகள் வீட்டு முகவரி, அவளது எண், மருமகனது எண், விமான எண், திரும்பும் தேதி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுத வைத்தேன். பின்பக்கம் நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாகிவிட்டது.

#14 மீனம்பாக்கம் நாட்கள்

அட்டை அருமையான யோசனை. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு சரியாக இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூரில் அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. அதை மட்டும் காட்டினாலே டாக்சி சரியான கட்டடத்துக்குப் போய்விடும்.

இரண்டு சின்ன விஷயம். யாரும் சொல்லித் தர மாட்டார்கள், கேட்கவும் கூச்சப்படுவார்கள். விமானக் கழிவறைக் கதவு பெரும்பாலும் நடுவில் மடியும் கதவு. நடுப்பகுதியில் கையை வைத்து உள்ளே தள்ளுங்கள். தாழ்ப்பாளை முழுதாக இழுத்தால்தான் உள்ளே வெளிச்சம் நன்றாக வரும். தண்ணீர் விடும் பொத்தானை அழுத்தினால் பெரிய உறிஞ்சல் சத்தம் கேட்கும், காற்றுதான், திடுக்கிட வேண்டாம். தண்ணீர்க் குழாய் பல விமானங்களில் இருக்காது, ஒரு சிறிய காலி பாட்டில் கைப்பையில் இருக்கட்டும்.

இறங்கத் தொடங்கும்போது காது அடைக்கும். புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள். சூயிங்கம் வேண்டாம், சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை.

#15 ஊன்றுகோல்

அம்மா, நீங்கள் நாற்காலியை நீக்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. நன்றி.

தெப்பக்குளத் தெருவுக்கும் ஒன்று: உங்கள் தாயாருக்கு அடுத்த முறையும் நாற்காலி கேளுங்கள். நான் முன்பு எழுதியபோது அவரைப் போன்றவர்களை நினைக்கவில்லை. விமானம் மாறும் இடத்தில் கூடவே நடக்க ஒரு ஆள் கிடைக்கும்வரை வேறு வழியில்லை.

#16 அரசலாறு

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வந்து ஆறு நாள் ஆகிறது. கேட்டவர்கள் எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும் என்று இரவில் உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சிக் கவுண்டரில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற பட்டுக்கோட்டைக் குடும்பத்திடம், "இவர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். கைக்குழந்தை வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டது பாதி நேரம் நான்தான். அம்மாக்காரி சாப்பிடும்வரை குழந்தை என் மடியில் தூங்கியது.

கண்ணாடித் தடுப்பில் தமிழிலேயே கேட்டார்கள். மூன்று கேள்வி. யார் வீட்டுக்கு, என்ன விசேஷம், எப்போது திரும்புவீர்கள். பிரசவம் என்றதும், "ஆணோ பெண்ணோ, நல்லபடியாகப் பிறக்கட்டும்" என்றார். பதினோரு கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கைப்பையில் ஒரு தவறு. ஊறுகாயை மறந்துபோய் அதிலேயே வைத்துவிட்டேன். எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். அரை கிலோ எலுமிச்சை. மனம் வலித்தது, ஆனால் கேட்காமல் நடந்துவிட்டேன்.

சிங்கப்பூரில் கூட்டத்தோடு நடந்தேன். நகரும் படிக்கட்டு ஒன்றில் இறங்கினேன். எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அந்த வாயில். பாஸ்போர்ட்டை வைத்ததும் முதல் கதவு திறந்தது, உள்ளே போனேன், பின்னால் மூடிக்கொண்டது. முன் கதவு திறக்கவில்லை. திரையில் ஏதோ வருகிறது, எனக்கு விளங்கவில்லை. இருபக்கமும் கண்ணாடி. நான் கனவில் கண்ட இடம் அப்படியே இதுதான். நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. பலாலி வீதித் தங்கை எழுதியது நினைவுக்கு வந்து, நடுங்கும் கையை அப்படியே தூக்கி ஆட்டினேன்.

தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் அதிகாரி வந்தார். பேசவில்லை. தன் முகத்தில் இரண்டு விரலை வைத்து, கண்ணாடியைக் கழற்றுவது போலச் செய்து காட்டினார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். மேலே பார்க்கச் சொல்லிக் கையை உயர்த்தினார், பார்த்தேன். கதவு திறந்துவிட்டது.

பெட்டி எடுக்கும் இடத்தில் பட்டுக்கோட்டைத் தம்பி தூக்கித் தந்தான். லேகியம் சிந்தாமல் வந்திருந்தது. வெளியே மருமகன் நின்றார். மகள் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அவளும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

அன்றிரவே அவளிடம் சொல்லிவிட்டேன், போனை எடுத்து, வர மாட்டேன் என்று சொல்ல இருந்ததையும் சேர்த்து. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தனக்கும் பிரசவத்தை நினைத்தால் அப்படித்தான் இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றாள். மருத்துவமனையில் அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று நேற்று இருவரும் உட்கார்ந்து வரிசையாக ஒரு தாளில் எழுதினோம். கதவு வாரியாக.

மருத்துவர் 19ஆம் தேதி என்று சொல்லியிருக்கிறார்.